தூசியைவிடக் கவனிக்க வேண்டியது ஈரப்பதம்

டேட்டா சென்டர்களை, அதாவது சர்வர் எனும் கணினிகள் வரிசையாக ஓடும் கூடங்களை, ஏசிக்குப் பதில் வெளிக்காற்றால் குளிர்விப்பது பற்றி, "வெளிக்காற்றை உள்ளே விட்டால் தூசியில் சர்வர்கள் செத்துவிடும், இதெல்லாம் ஸ்வீடன் மாதிரி பனிநாட்டுக்கு மட்டும்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் பனிநாடல்ல, வறண்ட நிலம். அங்கே இன்டெல் 2007-08இல் சுமார் 900 சர்வர்களை வைத்துப் பத்து மாதம் சோதித்தது. பாதிக்கு ஏசி, மீதிக்குப் பெரும்பாலான நேரம் வெளிக்காற்று. காற்று 33 டிகிரி வரை போனது, வடிகட்டி வீட்டு ஏசியில் இருப்பது போன்ற சாதாரண ரகம். சர்வர்கள் மேல் தூசி அப்பியது உண்மை. ஆனாலும் பழுது 4.46 சதவீதம்தான். அதே வளாகத்தின் வழக்கமான டேட்டா சென்டரில் அது 3.83. சோதனையின் ஏசிப் பகுதியில் 2.45 என்பதையும் சொல்லிவிட வேண்டும், வித்தியாசமே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் "செத்துவிடும்" என்பது இதற்குப் பொருந்தாது.

பயப்பட வேண்டியது ஈரப்பதத்துக்குத்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பிரைன்வில்லில் உள்ள ஃபேஸ்புக் மையத்தில் 2011 கோடையில் கட்டுப்பாட்டு அமைப்பு குளறுபடி செய்து, வெளிக்காற்று வரும் வழியை அடைத்துவிட்டது. உள்ளே இருந்த சூடான காற்றே திரும்பத் திரும்ப, காற்றைக் குளிர்விக்க வைத்த நீர்த்தெளிப்பு வழியாகச் சுற்றியது. ஈரப்பதம் 95 சதவீதத்தைத் தாண்டி, சர்வர்களில் நீர் கோத்துக்கொண்டது. சில பவர் சப்ளைகள் போயின, பல சர்வர்கள் தானாக ரீஸ்டார்ட் ஆயின. கவனியுங்கள், அன்று சிக்கலானது வெளிக்காற்று வந்ததால் அல்ல, வராமல் போனதால்.

ஆகவே ஓர் ஊருக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க வெப்பநிலை மட்டும் போதாது, ஈரக்குமிழ் வெப்பநிலையையும் (நீர் ஆவியாவதால் மட்டும் காற்று எவ்வளவு வரை குளிர முடியும் என்ற அளவு; காற்றில் ஈரம் கூடினால் இதுவும் கூடும்) பாருங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இடிப்பது அங்கேதான்.