எடை மட்டும் பார்த்தால் போதாது

டைட்டானியம் மூக்குக்கண்ணாடி ஃபிரேம் எடை குறைவு, தோலுக்கும் ஒவ்வாமை வராது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முதல் பாதி சரி. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 8 கிராம் அளவில் இருந்தால், டைட்டானியம் 4.5 கிராம்தான். ஒவ்வாமை விஷயத்தில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் 'மெமரி' ஃபிரேம்களும் டைட்டானியம் என்ற பெயரில்தான் விற்கின்றன. அந்த உலோகக் கலவையில் ஏறக்குறைய பாதி நிக்கல்! நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். வெறும் டைட்டானியம் பூச்சு என்றால் உள்ளே என்ன உலோகம் என்றும் கேளுங்கள்.

அப்புறம் அளவு. காதுத்தண்டின் உட்புறம் 54, 18, 145 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும்: ஒரு கண்ணாடிவில்லையின் அகலம், மூக்குப்பாலத்தின் அகலம், தண்டின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். அகன்ற முகமுள்ள ஆண்கள் இதைப் பார்க்காமல் வாங்கினால், எவ்வளவு லேசான ஃபிரேமும் நெற்றிப்பொட்டை அழுத்தும்.

உடைந்தால் ஒட்டுவதும் எளிதல்ல. காற்றுப் படாமல் ஆர்கான் வாயுவிலோ லேசரிலோ பற்றவைக்க வேண்டும். சாதாரணக் கடைகளில் அந்த வசதி இருப்பது அபூர்வம். தண்டு தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.