அப்பாஸ் மிர்ஸாவின் படைக்குச் சம்பளம் யார் கொடுத்தது?

பாரசீக வரலாற்றைப் பேசும்போது கஜார் அரச வம்சத்துப் பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்ஸாவை "காக்கசஸ் மலைநாட்டை ரஷ்யாவிடம் தொலைத்தவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ரஷ்யாவிடம் இரண்டு போரிலும் தோற்றார், உண்மைதான். ஆனால் அவர் கையில் படை இருந்தது, கஜானா இல்லை. அது தெஹ்ரானில் அப்பா ஃபத் அலி ஷாவிடம் பூட்டிக் கிடந்தது.

1789-இல் பிறந்தவர். மூத்தவர் முகம்மது அலி மிர்ஸா இருந்தும் பட்டம் இவருக்கு வந்தது. இவருடைய தாய் கஜார் குலம், அண்ணனின் தாய் ஜார்ஜியப் பெண். சிறு வயதிலேயே தப்ரீஸ் நகருக்கு அனுப்பி, பாரசீகத்தின் வடமேற்கிலுள்ள அஜர்பைஜான் மாகாணத்தை ஒப்படைத்தார்கள். 1804-இல் ரஷ்யப் போர் மூண்டது. இனக்குழுத் தலைவர்கள் கூட்டிவரும் குதிரைப்படையும், ஒட்டகத்தின் முதுகில் ஏற்றிய 'சம்பூரக்' சிறுபீரங்கிகளும், வரிசை கட்டிச் சுடும் காலாட்படைக்கு ஈடாகாது என்பதை அந்தக் களத்திலேயே கண்டார். அப்படித்தான் நிஸாமே ஜதீத் என்னும் புதிய படை உருவானது.

ஆள் கிடைப்பது முதல் சிக்கல். ஐரோப்பியச் சட்டையும் கவாத்தும் மதத்துக்கு விரோதம் என்று முணுமுணுத்தார்கள். இளவரசர் தாமே சீருடை அணிந்து கவாத்து பழகினார். கட்டிய சுவர்போல அணிவகுத்துப் போரிடுவதைப் பற்றிய குர்ஆன் வசனத்தை எடுத்துக்காட்டினார்.

அடுத்தது ஆசிரியர் சிக்கல். முதலில் ரஷ்யப் படையிலிருந்து ஓடிவந்தவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். 1807 மே மாதம் பிரான்சோடு செய்த ஃபிங்கென்ஸ்டைன் ஒப்பந்தத்தின்படி ஜெனரல் கார்தானின் பிரெஞ்சுக் குழு வந்தது. ஆனால் ஜூலையிலேயே தில்சித் நகரில் நெப்போலியன் ரஷ்யப் பேரரசர் ஜாரோடு சமாதானமாகிவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் போனதும் ஆங்கிலேயர் வந்தனர். அவர்களில் ஹென்றி லிண்ட்சே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராஜதானிப் பீரங்கிப் படைக்காரர். 1812-இல் பிரிட்டனும் ரஷ்யாவும் நட்பாகிவிட, இந்த அதிகாரிகளையும் திரும்ப அழைத்தார்கள். லிண்ட்சே, கிறிஸ்டி போன்ற சிலர் மட்டும் தங்கினர். அதே ஆண்டு அக்டோபரில் அஸ்லாந்துஸ் போர். ரஷ்யத் தளபதி கொத்ல்யாரெவ்ஸ்கி 2,000 சொச்சம் ஆட்களோடும் 6 பீரங்கிகளோடும் அரஸ் ஆற்றைக் கடந்து பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பாரசீக முகாமைத் தாக்கினார். பன்மடங்கு பெரிய படை சிதறியது, கிறிஸ்டி மாண்டார். இங்கே இளவரசர் மீதும் குற்றம் உண்டு: ஆற்றுத்துறைகளில் சரியான காவல் இல்லை. மறு ஆண்டு குலிஸ்தான் உடன்படிக்கையோடு முதல் போர் முடிந்தது.

இனி பணம். 1814 தெஹ்ரான் ஒப்பந்தப்படி பிரிட்டன் பாரசீகத்துக்கு ஆண்டுக்கு 2,00,000 தொமான் (பாரசீக நாணயம்) தரவேண்டும். ஆனால் ஐரோப்பிய நாடு ஏதாவது பாரசீகத்தின் மீது முதலில் பாய்ந்தால்தான். 1826-இல், கோக்சா ஏரிக்கரையை ரஷ்யா பிடித்து வைத்திருந்த ஆத்திரத்தில், பாரசீகப் படை முந்திக்கொண்டு எல்லை தாண்டியது. பணம் தராமல் பிரிட்டன் நழுவ அது போதுமாயிற்று. ரஷ்யர் கையிலிருந்த ஷூஷா கோட்டையை முற்றுகையிட்டே 48 நாள் போயிற்று. அதற்குள் ரஷ்யர்கள் ஆள் சேர்த்துக்கொண்டார்கள். செப்டம்பரில் கஞ்சா என்ற நகரருகே தோல்வி. குளிர்காலத்தில் ஷா பணம் அனுப்ப மறுத்தார். சம்பளம் கிடைக்காத சிப்பாய் ஊருக்குப் போய்விடுவான். எந்த நாட்டிலும் அப்படித்தான். 1827 அக்டோபரில் எரெவானும், சில நாட்களில் தப்ரீஸும் விழுந்தன.

1828 பிப்ரவரியில் துர்க்மன்சாய் உடன்படிக்கையோடு இரண்டாம் போர் முடிந்தது. ரஷ்யாவுக்குக் கட்டவேண்டிய அபராதம் பத்து குரூர், அதாவது 50 லட்சம் தொமான். அந்த நெருக்கடியைப் பயன்படுத்தி பிரிட்டன் 2,00,000 தொமானை ஒரே தடவையாகக் கொடுத்து, 1814-இன் உதவித்தொகைப் பிரிவுகளையே ரத்துசெய்து வாங்கியது. என்னைக் கேட்டால், போர்க்களத் தோல்விகளைவிட இது கொடுமை.

படைக்கு வெளியே அவர் செய்ததும் சிறிதல்ல. 1811-இலும் 1815-இலும் மாணவர்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவர்களில் மிர்ஸா சாலிஹ் அச்சு இயந்திரத்தோடு திரும்பி, பின்னாளில் பாரசீகத்தின் முதல் செய்தித்தாளை நடத்தினார்.

1833 அக்டோபரில் மஷ்ஹதில் அப்பாஸ் மிர்ஸா இறந்தார். அடுத்த அக்டோபரில் ஷாவும் போனார். அப்பாஸின் மகன் முகம்மது மிர்ஸா அரியணை ஏற தப்ரீஸிலிருந்து தெஹ்ரானுக்குப் படை கிளம்ப வேண்டும். படையை நடத்தியவர் அதே லிண்ட்சே. செலவுக்குப் பணம் கொடுத்தவர் பிரிட்டிஷ் தூதர் கேம்பல்.