15 நிமிஷம் பறக்க 25 வருஷ வேலையா?

முதல் போயிங் 727 பயணிகள் ஜெட் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது இந்தக் கணக்கைக் கேட்டுவிடுகிறார்கள். 1963 பிப்ரவரி 9 அன்று முதன்முதலாகப் பறந்த அதே விமானம். யுனைடெட் ஏர்லைன்ஸ் 64,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிட்டு, 1991 ஜனவரியில் சியாட்டில் ‘மியூசியம் ஆஃப் ஃப்ளைட்’ என்ற விமான அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. பக்கத்து ஊரான எவரெட்டில் உள்ள பெய்ன் ஃபீல்டு விமான நிலையத்தில் தன்னார்வலர்கள் 25 வருஷம் பாடுபட்டு, 2016 மார்ச் 2 அன்று அதை அருங்காட்சியகம் இருக்கும் போயிங் ஃபீல்டு விமான நிலையத்துக்குப் பறக்கவைத்தார்கள். கால் மணி நேரம்தான். அதோடு சரி, இனி அது பறக்காது. “இதுக்கு லாரியில ஏத்தியிருக்கலாமே?”

நீளம் 40.6 மீட்டர், இறக்கை முனைக்கு முனை 32.9 மீட்டர். எந்தச் சாலையில் போகும்? வெட்டித்தான் கொண்டுபோக வேண்டும். வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ப்ரூக்லண்ட்ஸில் ஒலியை மிஞ்சும் பயணிகள் விமானமான கான்கார்டில் ஒன்று, ‘டெல்டா கால்ஃப்’, துண்டுகளாக வந்து, தன்னார்வலர்கள் கையால் மறுபடி ஒன்றுசேர்ந்து நிற்கிறது, அருமையான வேலை. ஆனால் வேறு வழி இருக்கும்போது ரம்பத்தை எடுப்பானேன்? ஒரு ரகத்தின் முதல் விமானம் என்றால் தொழிற்சாலையில் தகடுகளை இணைக்கப் போட்ட ஒவ்வொரு ரிவெட் ஆணியும் ஆவணம். ரம்பம் ஓடிய இடத்தில் அந்த ஆவணம் போச்சு.

பறக்கவைப்பதில் இன்னொரு லாபம், ஒளித்து மறைக்க முடியாது. காட்சிக்கு மட்டும் என்றால் புட்டி வைத்து, பெயின்ட் அடித்து, போட்டோ எடுத்துவிடலாம். பறக்க வேண்டும் என்றால் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும்.

வெட்டவெளியில் நிற்கும் விமானத்தின் உள்ளே இருப்பது தண்ணீர். சியாட்டில் பக்கம் வருஷ மழை 950 மி.மீ. அளவுதான், சென்னையைவிடக் குறைவு. ஆனால் நம் ஊர் மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்காது. மாதக்கணக்கில் தூறும், எதுவும் காயாது. விமானத்தின் அடிவயிற்றில் வரிசையாகச் சின்ன வடிகால் துளைகள் உண்டு. பழைய பெயின்டோ, பிய்ந்த இன்சுலேஷன் பஞ்சோ அதில் ஒன்றை அடைத்தால் போதும், அதற்கு மேலே உள்ள இடைவெளியில் தண்ணீர் தேங்கும். பஞ்சு அதை உறிஞ்சி, உலோகத்தோடு ஈரத்துணி போல ஒட்டிக்கொண்டே கிடக்கும். மிக மோசமான இடம் கழிவறைக்கும் சாப்பாடு தயாராகும் இடத்துக்கும் அடியில் இருக்கும் தரைச் சட்டங்கள். பறந்த காலத்தில் சிந்திய சிறுநீரும் காபியும் ஏற்கெனவே அரிக்கத் தொடங்கியிருக்கும். உறுதி அதிகமான அலுமினியக் கலவை அரித்தால் இரும்பு மாதிரித் துருத் தூளாக உதிராது. நனைந்த புத்தகத்தின் பக்கங்கள் போல அடுக்கடுக்காக உப்பும், மேலே பெயின்ட் பார்க்க நன்றாகவே இருக்கும். அந்த அடுக்கைச் சுரண்டி, நல்ல உலோகம் தெரியும்வரை போய், மீதித் தடிமனை அளந்து, போதவில்லை என்றால் புதுத் துண்டு வெட்டி, ப்ரைமர் அடித்து, சீலன்ட் காயும் முன்பே ரிவெட் அடிக்க வேண்டும். ஒரு கை அகலத்துக்கு ஒரு வாரம் போகும்.

விமானியின் பிடியிலிருந்து இறக்கை, வால் வரை ஓடும் கட்டுப்பாட்டுக் கேபிள்களைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு பருத்தித் துணியைச் சுற்றி, கேபிள் நெடுக இழுத்துக்கொண்டே போனால் அறுந்த கம்பி இழை நூலைப் பிடித்து இழுக்கும். அங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். கப்பிகளில் உருளும் இடங்களில்தான் பெரும்பாலும் சிக்கும். வெறும் விரலால் தடவிப் பார்த்தால் ஒரே தடவையில் பாடம் கற்றுக்கொள்வீர்கள்.

எண்ணெய் அழுத்தத்தால் பாகங்களை அசைக்கும் ஹைட்ராலிக் இன்னொரு தலைவலி. சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தம். அந்த எண்ணெய்க்குப் பெயர் ஸ்கைட்ரால், தோலில் பட்டால் எரியும், பெயின்டை உரிக்கும், கசிவைத் தடுக்கும் சாதாரண நைட்ரைல் ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) ஊதவைத்துக் கெடுக்கும். அளவு சரியாக இருக்கிறதே என்று கையில் கிடைத்த ரிங்கைப் போட்டவர் அடுத்த வாரமே அதைக் கழற்ற வேண்டியிருக்கும். பல வருஷம் அசையாமல் காய்ந்துபோன சீல்களோ அழுத்தம் ஏற்றியதும் ஒவ்வொன்றாகக் கசியும். ஒன்றை மாற்றினால் அடுத்தது. வேண்டிய பாகங்களை, கழித்துப்போட்ட மற்ற 727களிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

சக்கரங்களை மடக்காமலே பறந்தார்களே, அரைகுறை வேலைதானே என்று கேலி செய்தவர்களும் உண்டு. அதுதான் புத்திசாலித்தனம். சக்கரத்தை மடக்குவதாக இருந்தால் முழு விமானத்தையும் ஜாக்கில் ஏற்றி, மடக்கிப் பிரித்து, சக்கரக் கதவுகள் திறந்து மூடும் வரிசையைச் சரிபார்த்து, அவசர வழியிலும் இறங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். 40 கி.மீ. சொச்சம் தூரத்துக்கு இறக்கிப் பூட்டிய சக்கரத்தோடு போனால் அவ்வளவு ஆபத்தும் கழிந்தது. அனுமதியே ஒரே ஒரு பயணத்துக்குத்தான். பயணிகள் கிடையாது.

போய்ச் சேர்ந்த இடத்தில் அது இப்போது அருங்காட்சியகத்தின் கூரை போட்ட பெவிலியனில் நிற்கிறது. அந்தப் பெவிலியன் திறந்தது 2016இல்தான். வீண் கணக்குப் பார்ப்பவர்கள் இங்கேதான் பார்க்க வேண்டும். கால் மணி நேரப் பறப்பில் எதுவும் வீணாகவில்லை. முந்தைய 25 வருஷ மழைதான் வீண். தன்னார்வலர் ஒரு மூலையைச் சரிசெய்து முடிப்பதற்குள் இன்னொரு மூலை ஊறிக்கொண்டிருந்தது. புது பெயின்டுக்குப் பணம் கேட்டால் கொடுக்க ஆள் உண்டு, பெயர்ப் பலகையும் கிடைக்கும். கூரைக்குக் கேட்டுப் பாருங்கள்.