பிரிண்டர் கார்ட்ரிட்ஜில் எத்தனை மில்லி மை இருக்கிறது என்று பல பெட்டிகளில் ஏன் போடுவதில்லை?

ராத்திரி ஒன்பதே கால். மறுநாள் காலையில் மகள் தஞ்சைப் பெரிய கோயில் ப்ராஜெக்ட்டைக் கொடுத்தாக வேண்டும். நாலே நாலு கலர் படம். வீட்டில்தான் பிரிண்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோம். முதல் பக்கம் வந்தது. கோயில் விமானம் முழுக்க ரோஸ் நிறம், குறுக்கே வரி வரியாக வெள்ளைக் கோடு. நீலம் வரவே இல்லை. மை தெளிக்கிற தலையைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங் கொடுத்தேன். மறுபடி கொடுத்தேன். மூன்றாவது தடவை கொடுத்ததும் ஆரஞ்சு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. மை தீர்ந்துவிட்டதாம். மை அடைத்த இந்தக் கார்ட்ரிட்ஜைப் போட்ட பிறகு எடுத்தது மொத்தம் 31 பக்கம். அதைப் போட்ட அன்றைக்குத்தான் புதுப் பேப்பர் கட்டு பிரித்தோம், மீதியை எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மகள் அழுதுவிட்டாள். தெருமுனை ஜெராக்ஸ் கடை அண்ணன் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். கெஞ்சிக் கேட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். நாலு பக்கம், 40 ரூபாய். திரும்பி நடக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

அந்த மெஷின் 3,400 ரூபாய். "மேடம், வீட்டு யூஸுக்கு இதுவே தாராளம். ஸ்கேன், காப்பி எல்லாம் வந்துடும்" என்றார் கடைப் பையன். மை என்ன விலை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பிரித்தால் யூஎஸ்பி கேபிள்கூட இல்லை. அதற்குத் தனியாக 200. கூட வந்த கார்ட்ரிட்ஜ் ஆறே வாரத்தில் காலி. அப்புறம்தான் தெரிந்தது, பல மெஷின்களோடு வருவது 'செட்டப்' கார்ட்ரிட்ஜ், அதில் மை குறைவாகத்தான் இருக்கும் என்று. கறுப்பு 850, கலர் 1,050. இரண்டும் சேர்த்து 1,900. மெஷின் விலையில் பாதிக்கு மேல்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். கறுப்புக் கார்ட்ரிட்ஜ் பெட்டியில் சுமார் 120 பக்கம் என்று போட்டிருக்கிறது. அவர்கள் சொல்கிறபடியே வந்தாலும் ஒரு பக்கத்துக்கு 7 ரூபாய். ஜெராக்ஸ் கடையில் கறுப்பு பிரிண்ட் 5 ரூபாய்! அந்த 120 பக்கமும் வீட்டில் வராது. ஐஎஸ்ஓ 24711 என்று ஒரு தரமுறை இருக்கிறது. அதன்படி ஒரே வகை மாதிரிப் பக்கங்களைத் தொடர்ந்து அடித்துக்கொண்டே போய், மை தீரும்வரை எத்தனை வந்தது என்று எண்ணுவார்கள். யார் வீட்டில் அப்படி அடிக்கிறோம்? இன்றைக்கு ஆதார் காப்பி ஒன்று, பத்து நாள் கழித்து ரயில் டிக்கெட் ஒன்று. நடுவில் மெஷினை ஆன் செய்யும்போது பல தடவை அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. அதற்கும் நம் மைதான் போகிறது.

எங்கே போகிறது தெரியுமா? மெஷினுக்கு அடியில் ஒரு பஞ்சு மாதிரிப் பட்டை வைத்திருக்கிறார்கள். கிளீனிங் செய்யும் மையெல்லாம் அதில்தான் போய் ஊறுகிறது. 1,050 ரூபாய் கொடுத்து வாங்கிய மையைப் பஞ்சு குடிக்கிறது. அது நிறைந்துவிட்டதாக மெஷின் கணக்கு வைத்துக்கொண்டு, ஒருநாள் சர்வீஸுக்குக் கொண்டு போ என்று நின்றுவிடுகிற மாடல்களும் உண்டு.

மை காய்வது இயற்கை, ஒப்புக்கொள்கிறேன். மை தெளிக்கிற துளை தலைமுடியைவிட மெல்லியது. தண்ணீர் கலந்த மை, சென்னை வெயிலில் மூன்று வாரம் சும்மா கிடந்தால் அடைக்கத்தான் செய்யும். ஆனால் வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? "வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது எடுங்க மேடம், இல்லன்னா அடைச்சுக்கும்." அவ்வளவுதானே? வெந்நீரில் நனைத்த டிஷ்யூ பேப்பரில் கார்ட்ரிட்ஜின் வாயை ஒற்றி ஒற்றி என் விரல் இரண்டு நாள் ஊதா நிறமாக இருந்தது.

இதைவிடக் கொடுமை, கலர் தீர்ந்தால் என் மெஷின் கறுப்பையும் அடிக்க மறுக்கிறது. கறுப்பு முக்கால்வாசி இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒரு வாடகை ரசீது. ஏன் கலர் வாங்க வேண்டும்?

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ரீஃபில் செய்து பார்த்தேன். ஊசியால் மை ஏற்றிக் கொடுத்தார்கள், 250 ரூபாய். வீட்டில் போட்டால் மெஷின் அடையாளம் தெரியாத கார்ட்ரிட்ஜ் என்கிறது. இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2016 செப்டம்பரில் எச்பி கம்பெனியின் பிரிண்டர்கள் சிலவற்றில் வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ்கள் திடீரென்று வேலை செய்யாமல் போயின. பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அந்தத் தடையை எடுக்கும் மென்பொருளை எச்பியே வெளியிட வேண்டி வந்தது. காசு கொடுத்து வாங்கிய மெஷின் யாருடையது?

வேறு வழி இல்லாமலும் இல்லை. இந்தோனேசியாவில் ஜனங்கள் சாதாரண பிரிண்டருக்கு வெளியே டப்பா வைத்து, குழாய் இழுத்து, மலிவு மை ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எப்சன் கம்பெனி 2010-இல் அங்கேயே முதன்முதலாக, பாட்டில் மையை ஊற்றிக்கொள்ளும் இங்க் டேங்க் பிரிண்டரை விற்பனைக்கு விட்டது. இன்றைக்கு அந்த வகையில் 65 மில்லி கறுப்பு பாட்டில் 350 ரூபாய்ச் சுமாருக்குக் கிடைக்கிறது, 4,500 பக்கம் வரும் என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்துக்கு 8 பைசா. அங்கே 7 ரூபாய், இங்கே 8 பைசா! இதில் பாதி பக்கம்தான் வரும் என்று வைத்தாலும் 16 பைசா. டேங்க் மெஷின் 11,000, 12,000 ஆகும், உண்மைதான். ஆனால் ஆயிரத்து இருநூறு பக்கம் எடுப்பதற்குள் அந்த வித்தியாசம் கழிந்துவிடும். படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒன்றரை, இரண்டு வருஷம்.

அதிலும் காயும். மை தெளிக்கிற தலை மெஷினோடு சேர்ந்தது, அடைத்தே போனால் செலவு பெரிது. மாதம் ஐந்து பக்கம் எடுக்கிறவர்கள் மை தெளிக்கிற எந்த இங்க்ஜெட் பிரிண்டரும் வாங்காதீர்கள், ஜெராக்ஸ் கடையே போதும். கறுப்பு மட்டும் போதுமென்றால் லேசர். அதில் மைக்குப் பதில் டோனர் என்கிற பவுடர், மாதக்கணக்கில் கிடந்தாலும் காயாது.

என் கோபம் விலைமேல் இல்லை. மறைப்பதுமேல்தான். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று அச்சடித்திருக்கிறது. ஷாம்பு பாக்கெட்டில் மில்லி இருக்கிறது. நான் 850 ரூபாய் கொடுத்த கார்ட்ரிட்ஜ் பெட்டியில் அளவு என்ற இடத்தில் இருப்பது 'ஒரு எண்ணம்'. எண்ணெய் டின்னில் 'ஒரு டின்' என்று மட்டும் போட்டு விற்றால் விடுவோமா?

போன வாரம் நாத்தனார் பிரிண்டர் வாங்கக் கிளம்பினாள். கூடவே போனேன். அதே மாதிரி 3,500 ரூபாய் மெஷினைத்தான் எடுத்துக் காட்டினார்கள். "தம்பி, இதோட கார்ட்ரிட்ஜ் என்ன விலை? எத்தனை மில்லி மை இருக்கு?" என்று கேட்டேன். விலையைச் சொன்னார். மில்லிக்காகப் பெட்டியைத் திருப்பினார், கவிழ்த்துப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். அவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டிருக்க மாட்டாங்க மேடம்" என்றார். பெட்டியை அவர் கையிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டோம். தீபாவளி போனஸ் வந்ததும் டேங்க் வாங்கிக்கொள்வதாக நாத்தனார் சொல்லிவிட்டாள்.