இரட்டைக்குழலை ஏன் வைத்துக்கொண்டேன்

துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போகும் என் தங்கை மகன், சென்ற வாரம் தொலைபேசியில், "பெரியம்மா, மூணும் உங்க கையிலதானே இருந்துச்சு, கடைசில ஏன் அந்தப் பழசை மட்டும் வச்சுக்கிட்டீங்க?" என்று கேட்டான். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அவனைப் போலவே கேட்கிற வேறு சிலரும் இருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பா இறந்த பிறகு, உரிமத்தை வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு மாற்றிக்கொள்ள ஒன்றேகால் ஆண்டு அலைந்தேன். மாற்றிய உரிமத்தில் மூன்று ஆயுதங்கள் இருந்தன: தாத்தா வாங்கிய, பர்மிங்காமில் செய்யப்பட்ட 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி, அப்பா ஆசைப்பட்டு வாங்கிய இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள், பிற்காலத்தில் அவரே வாங்கிய கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். கூடுதலாக இருப்பதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். எதை விடுவது என்று யோசிக்கத் தொடங்கியவள், யோசித்து முடித்தபோது இரண்டை விட்டுவிட்டேன்.

ரைஃபிளை விடுவதற்கு எனக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. அதில் குறை எதுவும் இல்லை. குறை எங்கள் நிலத்தில்தான். மலையடிவாரத்தில் இருப்பவர் ரைஃபிளைத் தூக்கினால் குண்டைத் தாங்கிக்கொள்ள ஒரு சரிவாவது எதிரே இருக்கும். இங்கே ஆற்றுக் கரையில் நின்று பார்த்தால் கடல் வரைக்கும் தாம்பாளம் போலக் கிடக்கிற பூமி. ரைஃபிள் குண்டு குறி தவறினால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகும். அந்த இரண்டு கிலோமீட்டருக்குள் நடவு ஆட்கள், மாடு மேய்ப்பவர்கள், வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், இரண்டு மூன்று தெருக்கள். 12 போரில் 6-ஆம் எண் ரவை (சிறு ஈயக் குண்டுகள்) போட்டுச் சுட்டால் 200 மீட்டரைச் சற்றுத் தாண்டுவதற்குள் ரவை தரையில் விழுந்துவிடும். பெரிய ரவையான எஸ்.ஜி.யாக இருந்தால் 600 மீட்டரைத் தாண்டும் என்பதால், அதை நான் வாங்குவதே இல்லை. எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்பவர்கள், அதன் குண்டு எங்கே போய் நிற்கும் என்று முதலில் கேட்க வேண்டும்.

ரிவால்வரை விட்டது வேறு கதை. உறவினர்கள் எல்லோரும், "பொம்பளைக்கு அதுதான் தோதானது, அதை மட்டும் விட்டுடாதே" என்றார்கள். பெண்களுக்கென்றே கான்பூர் தொழிற்சாலை 2014-இல் 'நிர்பீக்' என்ற பெயரில் சுமார் 500 கிராம் எடையுள்ள ஒரு .32 ரிவால்வரை, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது நினைவிருக்கலாம். (களையெடுக்கப் போகும் பெண்ணுக்கு அந்த விலையில் பாதுகாப்பு என்று நினைத்தவர்களை என்ன சொல்வது?) நானும் அந்தப் பேச்சை நம்பி, அப்பாவின் ரிவால்வரைச் சில காலம் கட்டிலுக்குப் பக்கத்து மேசையின் இழுப்பறையில் வைத்துக்கொண்டு தூங்கியவள்தான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய பிறகு, எங்கள் பக்கம் பல நாட்கள் மின்சாரம் இல்லை. தென்னைகள் எல்லாம் தலைகீழாகக் கிடந்தன. அப்படி ஓர் இரவில் கொல்லைப்புறத்தில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டு விழித்து, எழுந்து உட்காருவதற்கு முன்பே ரிவால்வர் என் கையில் இருந்தது. கதவைத் திறந்து விளக்கை அடித்தபோது, எங்கள் வயலில் வேலை செய்யும் பெண்ணின் பதினைந்து வயது மகன், நான் மாலையில் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்த தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மழை வந்துவிட்டதால் இரவோடு இரவாக எடுக்க வந்திருக்கிறான். "நான்தாம்மா" என்றான். என் வலது கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, சரி போ என்றேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விசையின் மேல் விரல் இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை. அந்த ஆயுதத்தின் மீது எனக்கு நம்பிக்கை போனதற்கு அதுவே காரணம். சரியாகச் சொன்னால், அந்த ஆயுதத்தைக் கையில் வைத்திருக்கும் என் மீதுதான் நம்பிக்கை போனது.

இரட்டைக்குழல் எங்கள் வீட்டில் மூன்று துண்டுகளாகத்தான் இருக்கும்: குழல் ஒன்று, அடிக்கட்டையோடு சேர்ந்த, சுடும் பொறி உள்ள பூட்டுப் பகுதி ஒன்று, முன்கட்டை ஒன்று. இரும்பு அலமாரியில் துண்டுகள் ஒரு தட்டிலும், தோட்டாக்கள் வேறு அறையில் வேறு பூட்டிலும் இருக்கின்றன. அதைச் சேர்த்துச் சுடும் நிலைக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். அதற்குள் தூக்கக் கலக்கம் தெளிந்து, வந்திருப்பது யார் என்று கேட்கும் புத்தியும் வந்துவிடும். திருடன் வந்தால் இரண்டு நிமிடம் காத்திருப்பானா என்று கேட்பார்கள். காத்திருக்க மாட்டான்தான். இத்தனை ஆண்டுகளில் எங்கள் கொல்லைக்கு வந்த சத்தங்களில் திருடன் ஒருவன்கூட இல்லை. பன்றி, நாய், பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி, அந்தப் பிள்ளை, அவ்வளவுதான். நான் என் கணக்கில் முடிவெடுத்தேன்; தனித்தோப்பில் குடியிருக்கும் ஒருவர் வேறு கணக்குப் போடலாம்.

அந்தத் துப்பாக்கியை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், அது எதையும் ஒளிப்பதில்லை. மேலே இருக்கும் நெம்புகோலைக் கட்டைவிரலால் வலப்புறம் தள்ளினால் குழல் மடிந்து திறக்கும். தோட்டா இருந்தால் இரண்டு பித்தளை வட்டங்கள் தெரியும். இல்லாவிட்டால் இரண்டு குழலிலும் வானம் தெரியும். கூடத்தின் அந்தக் கோடியில் நிற்பவருக்கும் அது காலியா இல்லையா என்று தெரியும். தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலான குதிரைகள் இரண்டும் வெளியே இருப்பதால், ஏற்றியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதைத் தடவிப் பார்த்தே இருட்டிலும் சொல்லிவிடலாம். தாத்தாவினுடையது, சுட்டவுடன் குதிரை தானாகச் சற்றுப் பின்வாங்கி நிற்கும் வகை. இன்னும் பழைய வகையில் குதிரை, தோட்டாவைக் குத்தும் ஊசியின் மீதே சாய்ந்து கிடக்கும். கைதவறிக் கீழே போட்டால் வெடித்துவிடலாம். அவற்றை யாராவது விற்க வந்தால் தொடாதே என்று என் தங்கை மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். விசையும் இரண்டு: முன்னது வலக் குழலுக்கு, பின்னது இடக் குழலுக்கு. ஒரு பக்கத்துப் பூட்டு மக்கர் செய்தாலும் மறுபக்கம் வேலை செய்யும். ஒரே கட்டையில் இரண்டு துப்பாக்கி என்று தாத்தா சொல்வாராம்.

என் தங்கை மகனுக்கு மனம் திருச்சியில் செய்யும் 12 போர் பம்ப் ஆக்‌ஷன் மீது இருக்கிறது. நம் பக்கத்திலேயே, 1966-இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலையில் உருவாவது என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அதில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய்க்குள் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும். முன்கட்டையைப் பின்னே இழுத்தால் உள்ளே இருந்த தோட்டா வெளியே விழும். பார்ப்பவர் காலியாகிவிட்டது என்று நினைத்து முன்னே தள்ளினால், அடுத்த தோட்டா குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். விரலை விட்டுத் துழாவிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது நல்ல ஆயுதம். அவனுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளின் சைடு ஸ்டாண்டை மடக்காமல் இரண்டு முறை விழுந்தவன் அவன்.

பழைய துப்பாக்கிக்குப் பழைய ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. நான் இளவயதில் பட்ட அடி ஒன்று இருக்கிறது. ஊர் பெயர் வேண்டாம், ஒரு கடையில் 12 போர் என்று கேட்டதற்கு 70 மில்லிமீட்டர் தோட்டாவைக் கொடுத்தார்கள். அது அழகாக உள்ளே போனது, குழலும் மூடியது. சுட்டபோது தோளில் கடப்பாரையால் இடித்தது போல இருந்தது. கன்னத்தில் கட்டை மோதி இரண்டு நாள் வீக்கம் வடியவில்லை. எடுத்துப் பார்த்தால் வெற்றுத் தோட்டாவின் வாய் நைந்து கிழிந்திருந்தது. பிறகு திருச்சியில் ஒரு முதிய துப்பாக்கி மெக்கானிக் அளந்து பார்த்துவிட்டு, எங்கள் துப்பாக்கியின் அறை 65 மில்லிமீட்டர்தான் என்று காட்டினார். 70 என்பது சுட்ட பிறகு விரிந்த தோட்டாவின் நீளம். மடித்த வாயோடு அது குட்டையாக இருப்பதால் சிறிய அறைக்குள்ளும் போய்விடுகிறது. சுடும்போது விரிய இடமில்லாமல் அதன் வாய் குறுகலான பகுதிக்குள் போய்த் திறக்கும்போது, ரவை வெளியேறும் வழி நெரிந்து, அழுத்தம் ஏறிவிடுகிறது. குழலைக் கழற்றித் திருப்பினால் அடியில் சாய்சதுரத்துக்குள் 12 என்ற எண்ணும், பர்மிங்காம் சோதனை முத்திரைகளும், இரண்டரை அங்குலம் என்ற குறிப்பும் இருக்கின்றன. அப்பாவும் நானும் அதுவரை அதைப் படித்ததே இல்லை. இன்றைக்கு 65 மில்லிமீட்டர் தோட்டாவைத் தேடித்தான் வாங்குகிறேன்.

குழலில் பாம்புத்தோல் போல வரிகள் ஓடினால் இன்னும் எச்சரிக்கை தேவை. அது இரும்பையும் எஃகையும் பட்டைகளாக முறுக்கி, சுற்றி, பற்றவைத்து அடித்த குழல். கருமருந்து என்ற பழைய வெடிமருந்தின் காலத்துப் பொருள். இரும்பைப் பட்டை பட்டையாகச் சேர்த்து அடிக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல, தஞ்சைக் கீழ்வாசலில் கிடக்கும் இராஜகோபால பீரங்கியைப் பார்த்தாலே தெரியும். பீரங்கியைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது போல, அந்தக் குழல்களையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கஜாவின்போது கூரை ஓடுகள் சரிந்து அலமாரிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. நான்கு நாள் கழித்துத்தான் திறக்க முடிந்தது. துணி உறை பஞ்சு போலத் தண்ணீரைக் குடித்திருந்தது. மூன்று துண்டுகளையும் திண்ணையில் பரப்பி, மண்ணெண்ணெயில் கழுவி, நிழலில் உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெய் தடவினேன். பக்கத்துப் பூட்டுகளை மட்டும் மெக்கானிக் பின்னர் கழற்றித் துடைத்தார். கட்டை உப்பியிருந்தது வடிய இரண்டு மாதம் ஆனது. அப்பா காலத்தில் நல்லெண்ணெய் தடவுவார்கள். அது பிசினாகி விசையைக் கட்டிவிடும், ஆகவே கூடாது. துணி உறையை அதோடு தூக்கி எறிந்தேன்.

அலமாரிக்கு வருவதற்கு முன் அந்த இரட்டைக்குழல் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது, வருபவர் கண்ணில் படும்படி. எங்கள் பகுதியில் துப்பாக்கி பயிருக்கு இருந்ததைவிட மிராசுதாரின் சுவருக்கு இருந்ததே அதிகம். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தியவர்கள் துப்பாக்கியோடு வந்தவர்கள். எங்கள் வீட்டில் வேலைக்கு வந்த முதியவர்கள் அந்தச் சுவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதைச் சிறுவயதில் நான் கவனித்திருக்கிறேன். உரிமம் என் பெயருக்கு வந்த வாரமே இறக்கிவிட்டேன்.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்காகத்தானே வாங்குகிறேன் என்று என் தங்கை மகன் சொல்வதிலும் சிக்கல் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று சட்டம் சொல்வது வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியை. 12 போர் கேட்டால் பொதுவாகத் தற்காப்பு அல்லது விளையாட்டு என்ற காரணம் காட்ட வேண்டும். எதை வாங்கினாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. 2025 சனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தது காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்றுதான். நீயும் நானும் சுடலாம் என்றல்ல. மயில் பக்கம் திரும்பவே வேண்டாம். என்னுடையது கடந்த ஐந்தாண்டுகளில் சுடும் மைதானத்தில் தவிர வேறெங்கும் வெடித்ததில்லை.

2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் வழக்கம்போலத் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கினேன். திரும்ப வந்தபோது இடக் குழலின் வாயருகே புதிதாக ஒரு கீறல். கேட்டதற்கு, முன்பே இருந்திருக்கும் என்றார்கள். இப்போது கொடுக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. மூன்று துண்டுகளையும் நீயே சேர்த்து, திறந்து, காலி என்று எனக்குக் காட்டி, மறுபடி கழற்று, பத்து முறை. மருந்தில்லாத பயிற்சித் தோட்டா இரண்டும், அறையை அளக்கும் அளவுகோலும் எடுத்து வைத்திருக்கிறேன். விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவராதே.