ஃபெரெட்டுக்கு ஃபேன் மட்டும் போதாது

ஃபெரெட்னா வீட்டுல வளர்க்கிற, நீள உடம்புள்ள சின்ன மிருகம். "ஃபெரெட்டும் நம்ம ஊர்க் கீரி மாதிரிதான், வேலூர் வெயில் ஒண்ணும் செய்யாது, ஃபேன் போட்டா போதும்"னு ஒரு அண்ணா சொல்லியிருக்காரு. தயவுசெஞ்சு யாரும் இதை நம்பிடாதீங்க. கீரி வேற குடும்பம். ஃபெரெட் ஐரோப்பாவோட போல்கேட்ங்கிற காட்டு மிருகத்தோட வம்சம். நம்மள மாதிரி அதுக்கு வேர்க்காது, அதனால ஃபேன் காத்து உடம்பைக் குளிர வைக்காது. 30 டிகிரி தாண்டினாலே ஆபத்து. இங்க கத்திரி வெயில்ல 40 தாண்டுது, மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற ரூமெல்லாம் ராத்திரியும் கொதிக்குது. பகல் முழுக்க ஏசி, கரண்ட் போனா மாத்து ஏற்பாடு, இது ரெண்டும் இல்லாதவங்க வாங்கவே வேண்டாம்.

வாயைத் திறந்து மூச்சிரைச்சுத் துவண்டு கிடந்தா அது தூக்கம் இல்ல, வெயில் தாக்கினது. ஐஸ் தண்ணி ஊத்தாதீங்க; சாதாரண தண்ணியில பாதத்தையும் வயித்தையும் நனைச்சுக்கிட்டே உடனே கால்நடை டாக்டர்கிட்ட ஓடுங்க. அப்புறம், பால் சோறும் வைக்காதீங்க. அது முழுக்கக் கறி தின்கிற ஜீவன்.