அத்திமூர் பாட்டியும் நான் அனுப்பிய ஆடியோவும்

2018 ஏப்ரல் கடைசியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆடியோ வந்தது. பிள்ளை பிடிக்க வடநாட்டிலிருந்து கூட்டமாக வந்து இறங்கியிருக்கிறார்களாம், ஜாக்கிரதை. அனுப்பியவர் பெரியம்மா. வீட்டில் சின்னப் பெண் இருந்தாள். பயத்தில் அதை அப்படியே வேலை செய்யும் இடத்துக் குழுவிலும் போட்டுவிட்டேன்.

அந்த நாட்களில்தான் குடியாத்தம் பக்கம் வடமாநில இளைஞர் ஒருவரை அடித்தே கொன்றார்கள். மே மாதம் போளூர் அருகே அத்திமூரில், சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிட வந்த அறுபது தாண்டிய அம்மா ஒருவர். பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார், அவ்வளவுதான். ஊர் கூடி அடித்துக் கொன்றுவிட்டது. வடநாட்டுக்காரன் மேல் கிளப்பிய பயம், தமிழ் பேசும் ஒரு பாட்டியின் உயிரையும் எடுத்தது.

வெளியாள் மேல் உள்ள இந்தப் பயத்தை ஓர் அரசே ஆயுதமாக்கியதும் உண்டு. 2021இல் ஐரோப்பாவில் பெலாரஸ் அரசு, ஈராக், சிரியா மக்களுக்கு விசா கொடுத்து வரவழைத்து, போலந்து, லித்துவேனியா எல்லைக்குத் தள்ளியது. காட்டில், குளிரில் சிலர் செத்தே போனார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கலப்புத் தாக்குதல் என்றது. துப்பாக்கி எடுக்காமல், புகலிடம் தேடுகிறவர்களைக் காட்டியே ஒரு நாட்டு மக்களை இரண்டுபடுத்தும் வேலை. இதில் அகதிகள் மேல் கோபப்படுவது அநியாயம் என்பேன், அவர்களும் ஏமாற்றப்பட்டவர்கள்தான்.

நம் ஊரில் எந்த அரசும் அப்படிச் செய்யவில்லை, சரி. ஆனால் பொய்க்கு வழி ஒன்றுதான். 2023 மார்ச்சில் அது திசை மாறி ஓடியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்க்க வேண்டியதாயிற்று.

வேலூர் காந்தி ரோட்டில் இப்படி ஒரு புரளி எடுபடாது என்று நம்புகிறேன். சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வங்காளிகளோடு பல வருஷப் பழக்கம். கடைப் பலகையில் வங்காள எழுத்து, ஆட்டோக்காரர் வாயில் இந்தி. நோயாளிக்குக் கஞ்சி எங்கே கிடைக்கும் என்று லாட்ஜ் பையனே சொல்லுவான். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் போனால் வேறு மாதிரி. தோல் கம்பெனி ஷெட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சந்தைக்கு வருகிற பையன்களின் பெயர் ஊரில் யாருக்குத் தெரியும்? அவர்களுக்குத் தமிழ் சொல்லித்தர ஊராட்சியும் கம்பெனிகளும் சேர்ந்து மாலை வகுப்பு நடத்தலாம். பொங்கலுக்கு, திருவிழாவுக்கு நாமே கூப்பிடலாம்.

எங்கள் மாடியில் மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து வந்த குடும்பம் குடியிருக்கிறது. அந்த அண்ணனிடம் பெயர் கேட்கவே எனக்கு நாலு மாதம் ஆனது. அந்த ஆடியோ பொய் என்று குழுவில் நான் எழுதியது இன்று காலையில்தான்.